ஏழடிக்கு ஒரு மரம்

கிரிம்ஷா காட்டு வாசலில், ஒரு மரப்பெட்டிக்குள் வருகைப் பதிவேடு இருக்கும். மார்ச் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் யாரோ அதில் இப்படி எழுதிவிட்டுப் போயிருந்தார்: “காடு பரவாயில்லை. யாராவது கொஞ்சம் கூட்டிப் பெருக்கினால் இன்னும் நன்றாக இருக்கும்.”

நெரிடா ஸ்கெல்டன் அதை மூன்று முறை படித்தாள். மூன்றாவது முறை படிக்கும்போது காது மடல் சூடாகிவிட்டது. அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஊர் கவுன்சிலில் சம்பளம் வாங்கிக்கொண்டு பத்தொன்பது வருடமாக அந்தக் காட்டின் நடைபாதையைக் கவனித்து வருகிறவள். பலகைத் தரையில் ஆணி கழன்றால் அடிப்பது, பாதையில் விழுந்த கொம்புகளை ஒதுக்குவது, கழிவறைக்குத் தாள் வைப்பது எல்லாம் அவள் வேலை. பதிவேட்டைப் படிப்பது மட்டும் வேலையில் சேராது. அதுதான் அவளுக்கு ரத்தக் கொதிப்பைக் கொடுத்தது.

முந்தைய பக்கங்களும் ஒன்றும் குறைந்தவை அல்ல. “இவ்வளவு மரத்தை வெட்டிப் போட்டுவிட்டு ஏன் எடுத்துப் போகவில்லை?” என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்த மரங்களை யாரும் வெட்டவில்லை. தாமாக விழுந்து நூறு வருடமாகக் கிடப்பவை. “பட்டை உரிந்து தொங்குகிறது, ஏதோ வியாதி, மருந்து அடிக்கவும்” என்று இன்னொருவர். தைலமர ஜாதியான கம் மரம் வருடாவருடம் பட்டையை உரித்துத்தான் போடும். ஒரு குடும்பம் நான்கு கையெழுத்துப் போட்டு எழுதியிருந்தது: “பாசியைத் துடைத்தால் மரத்தின் நிறம் தெரியும்.”

மத்தியானம் பேக்கரியில் வில்மட் ஹேக்குக்கு எதிரே உட்கார்ந்து அவள் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினாள். வில்மட்டுக்கு எழுபத்து மூன்று வயது. ஒரு காலத்தில் மரம் வெட்டும் கோஷ்டியில் இருந்தவர். தினமும் அந்த மேசையில் உட்கார்ந்து ஒரு ஸ்காலப் பை, அதாவது சிப்பிக்கறி அடைத்துச் சுட்ட பணியாரம், சாப்பிடுவார். சிப்பிக்கறிக் குழம்பு தாடியில் வழிந்தாலும் துடைக்க மாட்டார்.

“கேட்டியா வில்மட்? காட்டைப் பெருக்கணுமாம்.”

“விளக்குமாறு யாரு வாங்கித் தராங்களாம்?”

“சிரிக்காத. எனக்கு வயிறு எரியுது.”

“ஜனங்க மேல என்ன தப்பு நெரி? அவங்க காலண்டர்ல பார்த்த காட்டைத் தேடிட்டு வராங்க. உன் காட்டைப் பார்த்தா திருடன் பூந்த வீடு மாதிரி இருக்கு.”

“அது நானூறு வருசத்துக் காடுய்யா!”

“நானூறு வருசமா யாரும் பெருக்கல. அதைத்தானே அவங்களும் சொல்றாங்க.”

நெரிடா அவர் தட்டிலிருந்து பையின் மேலோட்டைப் பிய்த்துத் தின்றாள். கோபம் வந்தால் அவளுக்கு அடுத்தவர் தட்டில்தான் பசிக்கும்.

வியாழக்கிழமை காற்று பலமாக அடித்தது. கார் அகலக் கிளை ஒன்று முறிந்து, நடைபாதையின் முதல் வளைவிலேயே குறுக்கே விழுந்தது. அதை அறுத்து எடுக்கப் பெரிய இயந்திரம் வர வேண்டும். நெரிடா கயிறு கட்டி வழியை அடைத்துக்கொண்டிருந்தபோதே துறைமுக நகரமான ஹோபார்ட்டிலிருந்து ஒரு பேருந்து வந்து நின்றது. கப்பலில் வந்திறங்கிய உல்லாசப் பயணிகள், நாற்பத்தொரு பேர், எல்லோரும் புத்தம் புது மழைக்கோட்டில்.

ஓட்டுநர் இறங்கி வந்து கயிற்றைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது.

“அக்கா, ரெண்டு மணி நேரம் வளைஞ்சு வளைஞ்சு வந்திருக்கோம். அதுல ரெண்டு பேர் வாந்தி. இப்ப மூடிட்டோம்னு சொன்னா என்னை இங்கயே பொதைச்சிடுவாங்க.”

நெரிடா சாலையின் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தாள். அங்கேயும் காடு இருந்தது. நேராக நிமிர்ந்த, ஒரே உயரத்து கம் மரங்கள், வெள்ளை அடிமரம், கீழே மெத்தை போலப் பெரணி, இடையில் வெயில் சாய்ந்து இறங்கும். வெட்டிய மரத்தை இழுத்துப்போன பழைய பாதை ஒன்று அதற்குள் போகும். அறுபத்தொன்பதில் அந்த மேட்டை மொட்டையடித்து, எரித்து, வில்மட்டின் கோஷ்டி நாற்று நட்டது. மரம் அறுக்கும் ஆலை மூடியபோது அதன் நிலம் கவுன்சிலுக்கு வந்தது. அதைக் காடு என்று ஊரில் யாரும் சொல்வதில்லை. ‘மேடு’ என்பார்கள்.

“அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போங்க,” என்றாள். “அங்கயும் மரம் இருக்கு.”

அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது என்று பிற்பாடு அவள் பலமுறை சொல்லிக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து அவர்கள் திரும்பியபோது யாரும் சத்தமாகப் பேசவில்லை. கோயிலிலிருந்து வெளியே வருகிறவர்கள் போல வந்தார்கள். கடல்பச்சைக் கோட்டுப் போட்ட ஒரு அம்மாள் நேராக வந்து நெரிடாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

“மனுசன் கால் படாத இடம்மா இது. அப்படியே காப்பாத்துங்க.”

பக்கத்து பெஞ்சில் வில்மட் காகிதத்தில் சுற்றிய பையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் அவரிடமும் திரும்பினாள். “கடவுளாலதான் இப்படி ஒரு காட்டை உண்டாக்க முடியும். இல்லீங்களா?”

“ஆமாம்மா,” என்றார் வில்மட். “ஏழடிக்கு ஒண்ணுன்னு கயிறு புடிச்சு அளந்து வெச்சிருக்கார்.”

“அதான் பாருங்களேன்! என்ன ஒரு ஒழுங்கு!”

நெரிடா கழிவறைக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வர வேண்டியதாயிற்று.

‘இயற்கைக் காடு’ என்று எழுதிய பலகை ஒரே ஒரு மரையாணியில் நின்றது. அன்று சாயங்காலம் அவள் ஆணியைத் தளர்த்தி, அம்புக்குறியைச் சாலையின் எதிர்ப்பக்கம் திருப்பி, மறுபடி இறுக்கினாள். கிளையை எடுக்கும் வரைக்கும்தான் என்று நினைத்துக்கொண்டாள். பதினோராவது நாள் கிளையை எடுத்துவிட்டார்கள். அம்புக்குறி அப்படியே இருந்தது.

அவள் மறக்கவில்லை. பத்தொன்பது வருடமாக அவள் காட்டைக் குறை சொன்ன ஜனங்கள், இப்போது மேட்டைப் பார்த்து உருகுவதைப் படிப்பதில் அப்படி ஒரு ருசி இருந்தது. தினமும் பேக்கரியில் வாசிப்பாள். “ஆதிகாலத்துக் காட்டில் நடந்த உணர்வு.” “இங்கே காலம் நின்றுவிட்டது.” வழி தவறி பழைய காட்டுக்குள் போய்விட்ட ஒருவர் மட்டும் கொதித்துப்போய் எழுதியிருந்தார்: “எதிர்ப்பக்கத்தில் ஏதோ கம்பெனிக்காரன் புகுந்து காட்டை நாசம் செய்திருக்கிறான். அவனைச் சும்மா விடக் கூடாது.” அதைக் கேட்டு வில்மட்டுக்குப் புரையேறி, பேக்கரிக்காரி ஓடிவந்து முதுகில் தட்டினாள்.

ஆனால் ஒரு புதன்கிழமை காலை நெரிடா மேட்டுப் பாதையில் நடந்தபோது, உள்ளேயிருந்து சரக் சரக்கென்று சத்தம் கேட்டது. குட்டிக் கங்காரு மாதிரி இருக்கும் வாலபி ஏதாவது மேய்கிறது போல என்று எட்டிப் பார்த்தாள். வில்மட். தோட்டத்துச் சருகு வாரும் கம்பை வைத்துக்கொண்டு, உதிர்ந்த பட்டைகளை எல்லாம் வாரிப் பெரணிக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார்.

“என்னய்யா பண்ற?”

அவர் கம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். கம்பு அவரைவிட உயரம்.

“சும்மா. நடந்துட்டிருந்தேன்.”

“சருகு வாரும் கம்போடவா?”

வில்மட் கம்பைக் கீழே போட்டார். பிறகு பக்கத்து மரத்தில் கை வைத்துக்கொண்டார். “இதை வெட்டினதும் நாங்கதான், நட்டதும் நாங்கதான் நெரி. வெட்டினதை மட்டும்தான் ஊர் பேசிச்சு. எம் பொண்ணு கல்யாணத்துல மாப்பிள்ளையோட மாமன் ஒருத்தன், நான் என்ன வேலைன்னு கேட்டான். சொன்னேன். தட்டை எடுத்துக்கிட்டு வேற மேசைக்குப் போயிட்டான்.” மூக்கை உறிஞ்சினார். “போன வாரம் ஒரு பொம்பளை இந்த மரத்தைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு ரெண்டு நிமிசம் நின்னா. நான் பொதருக்குள்ள ஒளிஞ்சு பார்த்துட்டே இருந்தேன்.”

“பொதருக்குள்ள ஒளிஞ்சு பொம்பளைகளைப் பார்த்தேன்னு வெளிய எங்கயும் சொல்லி வெக்காத.”

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். ஆனால் பலகையை அன்று திருப்பிவிடலாம் என்று எண்ணி வந்தவள், திருப்பாமலே வீட்டுக்குப் போனாள்.

வினை டெஸ்மண்ட் ட்ராஸ்க் வடிவத்தில் வந்தது. அவர் சிட்னியிலிருந்து குடிவந்து மூன்று வருடமான கவுன்சிலர்; பலகை திரும்புவதற்கு முன் காட்டுப் பக்கம் வந்ததே இல்லை. நல்ல மனிதர்தான், சுறுசுறுப்புதான் வியாதி. ஒரு காலை பதிவேட்டின் நகல்களைக் கத்தையாகத் தூக்கிக்கொண்டு நெரிடாவின் கொட்டகைக்கு வந்தார்.

“நெரிடா, அசத்திட்டீங்க! மூணு மாசமா நம்ம காட்டைப் பத்தி ஒரு புகார் கூட இல்ல. எல்லாம் பாராட்டு.”

“ஜனங்க நல்லவங்க,” என்றாள் நெரிடா.

“ஆனா இந்த எதிர்ப்பக்கம் இருக்கு பாருங்க, அதுதான் கண்ணை உறுத்துது. யாரோ வெட்டிச் சீரழிச்ச இடம். கட்டை, பட்டை, முறிஞ்ச மரம். வர்றவங்க கண்ணுல அதுவும் படுதில்ல? வர்ற சனிக்கிழமை ஆளுங்க வராங்க. கீழ கிடக்கிற கட்டையெல்லாம் மெஷின் ரம்பம் போட்டு அறுத்து, ஊருக்கு வெறகாக் குடுத்துடலாம். அப்புறம் வரிசையா கன்னு நட்டா, அம்பது வருசத்துல அதுவும் இந்த இயற்கைக் காடு மாதிரி ஆயிடும்!”

நெரிடாவின் கையிலிருந்த சுத்தியல் அவள் காலிலேயே விழுந்தது. வலிகூட அப்புறம்தான் தெரிந்தது.

“டெஸ்மண்ட், நான் ஒரு உண்மை சொல்லணும். அந்தப் பலகையைத் திருப்பினது நான்தான். நீங்க சீரழிஞ்சதுன்னு சொல்றீங்களே, அதுதான் இயற்கைக் காடு. இந்த அழகானது நட்டது.”

டெஸ்மண்ட் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். “நல்லா அடிக்கிறீங்க ஜோக்!”

“ஜோக் இல்ல. சத்தியமா.”

“எனக்குக் கண்ணு இருக்குங்க. எது காடு எது காடில்லன்னு பார்த்தாத் தெரியாதா?” என்று அவள் தோளில் தட்டிவிட்டுப் போனார். “சனிக்கிழமை ஒரு சின்ன விழா வெச்சிருக்கேன். பேச வந்துடுங்க.”

ஒரு மனுசி தான் செய்த தப்பை ஒப்புக்கொண்டு, அதை யாரும் நம்பாமல் போனால் என்ன செய்வாள்? நெரிடா பேக்கரிக்கு ஓடினாள்.

வில்மட் முழுக்கக் கேட்டார். மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டார்.

“நீ வந்து சொன்னா நம்புவாங்க,” என்றாள் நெரிடா. “நட்டவன் நீ.”

“சொன்னா மறுபடியும் நான் மரம் வெட்டினவன்.”

“நட்டவன்னும் நான் சொல்வேன்.”

“நீ சொல்வ. யாரு கேப்பாங்க?” அவர் எழுந்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். தட்டில் பாதிப் பை கிடந்தது. அத்தனை வருடத்தில் அவர் மிச்சம் வைத்து அவள் பார்த்ததில்லை. அவளுக்கும் அதில் கை போகவில்லை. விளையாட்டாக ஆணியைத் திருகிய கை, இப்போது ஒரு நானூறு வருடத்தையும் ஒரு கிழவனின் மூன்று மாதத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பது போலக் கனத்தது.

சனிக்கிழமை ஊரில் முப்பது பேர் சாலையோரம் கூடியிருந்தார்கள். ஒரு பேருந்துக் கூட்டமும் வேடிக்கை பார்க்க நின்றது. டெஸ்மண்ட் பேசி முடித்ததும் நெரிடா முன்னால் வந்து ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். பேருந்துக் கூட்டம் கைதட்டிச் சிரித்தது. ஊர்க்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்களுக்கு உண்மை தெரியும். ஆனால் மூன்று மாதமாக அவர்களும் ரசித்துக்கொண்டிருந்தவர்கள், யார் முதலில் வாயைத் திறப்பது?

“சரி, ரம்பத்தை எடுங்க,” என்றார் டெஸ்மண்ட், சிரித்த கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அப்போது சாலையில் வில்மட் வந்தார். மகள் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு, பொத்தான் எட்டவில்லை. கழுத்தில் ஒரு கம்பளித் துண்டு.

“டெஸ்மண்ட், இதை என் கண்ணுல கட்டுங்க. இறுக்கிக் கட்டுங்க.”

“எதுக்கு?”

“கட்டுங்க சொல்றேன்.”

கண்ணைக் கட்டியதும் வில்மட் மேட்டின் முதல் மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றார். பெரணிக்குள் மூன்று எட்டு வைத்தார். கையை நீட்டி ஓங்கி அறைந்தார். பளாரென்று மரத்தில் விழுந்தது.

“ஒண்ணு.”

மறுபடி மூன்று எட்டு. பளார். “ரெண்டு.” மறுபடியும். “மூணு.”

நான்காவதில் கை காற்றில் வீசியது. கூட்டம் ஓவென்று சிரித்தது. வில்மட் அசரவில்லை. குனிந்து, பெரணியை விலக்கித் துழாவி, முழங்கால் உயரத்து மக்கிய அடிக்கட்டையைத் தட்டிக் காட்டினார். “இவன் எழுபத்தெட்டுல செத்துட்டான். பக்கத்துல இருக்கிறவன் வெளிச்சத்தைப் புடுங்கிட்டான். இப்பப் பாருங்க.” மூன்று எட்டு. பளார். “அஞ்சு.”

சிரிப்பு நின்றுவிட்டது. எட்டு, ஒன்பது என்று போய், வலப்பக்கம் திரும்பி மூன்று எட்டு வைத்து அடுத்த வரிசையைப் பிடித்தார். டெஸ்மண்டின் உதடு அவரோடு சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தது. பதினான்கு வரும்போது அவர் முகத்தில் இருந்த நிறமெல்லாம் கழுத்துக்கு இறங்கி, பிறகு இரண்டு மடங்காக மேலே ஏறியது.

வில்மட் துண்டை அவிழ்த்தார். “எதிர்ப்பக்கம் போய்க் கண்ணைக் கட்டிக்கிட்டு நடக்கச் சொல்லாதீங்க. ரெண்டாவது எட்டுலயே என் மூக்கு போயிடும். அங்க யாரும் கயிறு புடிக்கல.”

டெஸ்மண்டின் மனைவி ஃபிலிப்பாதான் முதலில் பேசினாள். குரலில் அழுகையும் ஆத்திரமும் கலந்திருந்தது.

“அப்ப நான் அங்க ரெண்டு தடவை அழுதேனே, அது?”

வில்மட் தொப்பியைக் கழற்றினார். “அது எனக்குச் சேர்ந்துடுச்சும்மா. ரொம்ப நன்றி.”

ஃபிலிப்பா அவரை ஒரு நிமிடம் முறைத்தாள். பிறகு, அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அவள் சிரித்த பிறகுதான் ஊர் மூச்சு விட்டது. பேக்கரிக்காரி, “நானும் இதுல நாலு வரிசை நட்டேன், என்னை யாரும் கேக்கல!” என்று கத்தினாள். அவள் பிறந்ததே எழுபத்திரண்டில். வந்திருந்த ரம்பக்காரர்கள் ஆளுக்கு ஒரு காபி குடித்துவிட்டு, கட்டையைத் தொடாமலே திரும்பிப் போனார்கள்.

நெரிடாவுக்குக் கவுன்சிலிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பலகையைத் தன் கையாலேயே திருப்பி வைத்தாள். இந்த முறை நான்கு மரையாணி. மேட்டுக்கும் தனியாக ஒரு பலகை வைக்க டெஸ்மண்டே தீர்மானம் கொண்டுவந்தார்: ‘ஹேக் மேடு. நட்ட காடு. 1969.’ வில்மட் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, எழுத்து கோணலாக இருக்கிறது என்றார். பிறகு தினமும் அந்த வழியாகத்தான் பேக்கரிக்குப் போனார், அது சுற்றுவழி என்றாலும்.

ஜனங்கள் திருந்திவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. இரண்டு பலகையும் படித்துவிட்டு, முக்கால்வாசிப் பேர் மேட்டுக்குத்தான் போனார்கள். பழைய காட்டைப் பற்றிப் புகாரும் பழையபடி வந்தது. நெரிடா கொஞ்சம் மாறியிருந்தாள். காது மடல் சூடாவது குறைந்துவிட்டது. நேரம் இருந்தால், தயங்கி நிற்கிறவர்களைத் தானே உள்ளே கூட்டிப்போவாள். விழுந்து கிடக்கும் ஒரு மரத்தின் முதுகில் வேர்விட்டு வளரும் இளமரங்களைக் காட்டுவாள். சிலர் கொட்டாவி விடுவார்கள். சிலர் குனிந்து பார்ப்பார்கள்.

ஆகஸ்ட் மாதக் குளிரில் ஒரு நாள், அவள் நடைபாதையின் இரண்டாவது வளைவைத் தாண்டியபோது டெஸ்மண்ட் தனியாக உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். பாசி பிடித்த ஈரக் கட்டை மேல். கால்சட்டை நனைந்திருந்தது. கணுக்காலில் ஒரு அட்டை ஒட்டி ரத்தம் குடித்துக்கொண்டிருந்தது.

“டெஸ்மண்ட், கால்ல...”

அவர் பதறி உதட்டில் விரல் வைத்தார். மறு கையால் முன்னால் காட்டினார்.

பத்தடி தள்ளி, காய்ந்து நின்ற ஒரு மரத்தில் கருப்புக் காக்கட்டூக் கிளி ஒன்று தொற்றிக்கொண்டு அலகால் மக்கிய மரத்தைப் பட்டை பட்டையாகக் கிழித்துக்கொண்டிருந்தது. சிலாம்புகள் டெஸ்மண்டின் தொப்பியிலெல்லாம் விழுந்தன. அது ஒரு கொழுத்த வெள்ளைப் புழுவை உருவி எடுத்து, தலையைச் சாய்த்து இவர்களைப் பார்த்துவிட்டு, விழுங்கியது.

“இது மூணாவது புழு,” என்று டெஸ்மண்ட் கிசுகிசுத்தார். “உட்காருங்க நெரிடா. சத்தம் போடாதீங்க.”

நெரிடா அட்டையைப் பற்றி அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, ஈரத்திலேயே உட்கார்ந்தாள்.